சிக்கன் டெவலுக்கு எயார் ஃபிரையர்: எண்ணெய் குறையும், உப்பு உங்கள் கையில்

சனிக்கிழமை பின்னேரம் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் மேசைக்கு முதலில் வருவது பெரும்பாலும் சிக்கன் டெவல்தான். அதே சாமானை வீட்டில், இதயத்துக்கு மருந்து எடுக்கிறவரும் நாலு துண்டு சாப்பிடக்கூடிய மாதிரிச் செய்ய எயார் ஃபிரையர் உதவுமா? இங்கே பார்ப்பது அதைத்தான். எடுத்துக்கொண்ட கருவி சாதாரணமான வகை: 4 லீற்றர் கூடை, 1500 வோட்ஸ், வெப்பத்துக்கு ஒன்று நேரத்துக்கு ஒன்று என்று இரண்டே திருகு. பிரதான வீதியிலோ மத்திய வீதியிலோ மின்சாதனக் கடைக்குப் போனால் இந்த அளவில் வேறு வேறு பெயர்களில் காட்டுவார்கள். எல்லாவற்றிலும் மேலே சூடாகும் கம்பிச்சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே ஓட்டைக் கூடை. வேலை செய்யும் விதம் ஒன்றே.

தொடை இறைச்சியில் செய்யும் டெவலுக்கு இது நல்ல கருவி. செட்டைத் துண்டுக்கு இன்னும் நல்ல கருவி, ஆனால் அதை இதயக் கணக்கில் எழுதக்கூடாது. பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் உப்பைப் பற்றி இந்த இயந்திரத்துக்கு ஒன்றும் தெரியாது.

கடை டெவலில் எண்ணெய் இரண்டு தரம் வருகிறது. முட்டையும் கோன்ஃபிளவரும் பிரட்டிய துண்டு முதலில் முழுக எண்ணெயில் பொரிகிறது. பிறகு வெங்காயம், கறி மிளகாய், சோஸ் எல்லாம் சேர்த்துத் தாச்சியில் இன்னொரு அகப்பை எண்ணெயில் பிரள்கிறது. அந்த எண்ணெய் தேங்காயெண்ணெய் என்றால் ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறக்குறைய 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அமெரிக்க இதயச் சங்கம் சொல்லும் எல்லை 13 கிராம் அளவு. ஒரு கரண்டியில் நாள் முடிந்துவிடுகிறது. எயார் ஃபிரையர் இந்த இரண்டில் முதல் பொரியலை ஒழித்துவிடும். இரண்டாவதை ஒழிப்பது சமைக்கிறவரின் வேலை.

வாங்க முதல் சமையலறைச் சுவரைப் பாருங்கள். 1500 வோட்ஸ் கருவி 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் இருக்கும் 5 ஆம்பியர் வட்ட பிளக் பொயின்றில், அதுவும் மல்ரி பிளக் வழியாகக் கொடுத்தால் பிளக் சூடாகி பிளாஸ்ரிக் மணக்கத் தொடங்கும். 13 ஆம்பியர் சதுர முனையோ 15 ஆம்பியர் பொயின்றோ வேண்டும், அதுவும் தனியாக. மின்கட்டணத்துக்குப் பயப்படத் தேவையில்லை: இருபது நிமிடம் இடைவிடாமல் முழு வலுவில் ஓடினாலும் அரை யூனிட்தான். கருவியின் பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், சூட்டுக் காற்று அந்தப் பக்கமாகத்தான் வெளியேறுகிறது. புதிதாக வாங்கியதை வெறுமனே 200 பாகையில் பதினைந்து நிமிடம் ஓட விட்டு அந்தத் தொழிற்சாலை மணத்தைப் போக்குங்கள், இல்லாவிட்டால் முதல் கோழி அதைக் குடித்துவிடும்.

இனி இறைச்சி. கடையில் தொடைப் பகுதியைக் கேட்டு, தோலையும் எலும்பையும் நீக்கி வாங்குங்கள். நெஞ்சு இறைச்சியில் கொழுப்பு இன்னும் குறைவு என்பது உண்மை. 100 கிராமுக்கு 3 கிராமுக்குள் இருக்கும், தோல் நீக்கிய தொடையில் 4 கிராம். ஆனால் விசிறிக் காற்றில் நெஞ்சு இறைச்சி தும்பு தும்பாகக் காய்ந்துபோகும். அந்த ஒரு கிராம் மிச்சத்துக்காக வாயில் பஞ்சை மெல்ல வேண்டியதில்லை. உறைந்த இறைச்சி என்றால் முதல்நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். அவசரத்துக்குத் தண்ணீரில் போட்டு இளக்கிய துண்டு கூடைக்குள் போன பிறகும் நீர் விட்டுக்கொண்டே இருக்கும். மேல்மா கஞ்சியாகும், மொறுமொறுப்பு வராது. எப்படி இளக்கினாலும் கடதாசித் துவாயால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் மசாலா. இந்தச் சமையலில் பிழை வரும் இடங்களில் பாதி இந்த ஈரம்தான்.

500 கிராம் இறைச்சியை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டினால் நாலு பேருக்குக் காணும். இஞ்சி உள்ளி அரைத்தது ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால், உப்பும் கால் தேக்கரண்டி மட்டும், தேசிப்புளி ஒரு மேசைக்கரண்டி, தயிர் ஒரு மேசைக்கரண்டி. தயிர் இறைச்சியை மெதுவாக்கும், மா ஒட்டவும் உதவும். சட்டியில் வரும் எருமைத் தயிர் என்றால் அந்த ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள், எருமைப் பாலில் கொழுப்பு பசுப்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரட்டி அரை மணித்தியாலம் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். இரவு முழுக்க ஊறினால் இன்னும் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. தேசிப்புளியில் அவ்வளவு நேரம் கிடக்கும் இறைச்சி வெளிப்பக்கம் மாப்போலக் கரையத் தொடங்கிவிடும்.

மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டிதானா என்று முகம் சுளிக்க வேண்டாம். 200 பாகைக் காற்றில் வெறும் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும், கண் எரியும். உறைப்பை மிளகு உள்ளே தரும், இடித்த செத்தல் பின்னால் சோஸில் தரும். பொரிச்சட்டியில் எண்ணெய் தூளைக் காப்பாற்றுகிறது. இங்கே காப்பாற்ற ஆளில்லை.

மேல்மாவுக்கு அரிசி மா இரண்டு மேசைக்கரண்டி, கோன்ஃபிளவர் ஒன்று. தண்ணீராகக் கரைத்த மாவில் தோய்த்துப் போட நினைக்காதீர்கள். விசிறி அடிக்கும் காற்றில் அது ஓட்டை வழியே ஒழுகி, கீழ்த்தட்டில் தோசையாகக் கிடக்கும். உலர் மாவைத் துண்டுகளில் தூவிப் பிரட்டி, ஐந்து நிமிடம் விடுங்கள். மா வெள்ளை நிறம் போய் ஈரம் பிடித்து மங்கலாக வரும். அப்போது இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் கையால் ஒவ்வொரு துண்டும் மினுங்கும் வரை தடவ வேண்டும். எண்ணெய் படாத இடத்தில் மா வெந்தபின்னும் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளையாக நிற்கும், கடித்தால் பச்சை மா. நல்லெண்ணெய் ஏன் என்றால் அதில் நிறைவுற்ற கொழுப்பு 14 வீதம் அளவில்தான். தேங்காயெண்ணெயில் 80 வீதத்துக்கு மேல். செத்தல் மிளகாயோடு அதன் வாசம் பொருந்தியும் போகும். தகரத்தில் அடைத்து வரும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், அதில் உள்ள மற்றப் பொருட்கள் கூடையின் நொன்ஸ்ரிக் பூச்சில் பிசினாகப் படிந்து அதைக் கெடுக்கும்.

கருவியை மூன்று நிமிடம் வெறுமனே சூடாக்கி, துண்டுகளை ஒன்றோடொன்று முட்டாமல் ஒரே அடுக்காக வையுங்கள். 4 லீற்றர் என்று எழுதியிருந்தாலும் ஒரே அடுக்கில் 400 முதல் 500 கிராம்தான் பிடிக்கும். குவித்துப் போட்டால் நடுவில் இருப்பது அவியும், பொரியாது. ஆறேழு பேர் உள்ள வீடு என்றால் இரண்டு தரம் போட வேண்டும். இந்த அளவுக் கருவியின் பெரிய குறை இதுதான், நோன்பு திறக்கும் நேரத்தில் அது நன்றாகவே தெரியும். 180 பாகையில் பத்து நிமிடம், வெளியே இழுத்துத் திருப்பிப் போட்டு 200 பாகையில் ஐந்து நிமிடம். திருகில் எழுதிய பாகையும் உள்ளே இருக்கும் பாகையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை, ஆகவே முதல் தரம் பெரிய துண்டு ஒன்றை வெட்டிப் பாருங்கள். இறைச்சி வெப்பமானி இருந்தால் நடுவில் 74 பாகை காட்ட வேண்டும்.

கறிவேப்பிலையைக் கூடைக்குள் போடவே கூடாது. விசிறி அதை உறிஞ்சி மேலே தூக்கும், இலை கம்பிச்சுருளில் ஒட்டிக் கருகும், பிறகு நீங்கள் சாப்பிடுவது கோழியா கரியா என்று தெரியாது. கடதாசி விரிப்பும் அப்படித்தான், இறைச்சியின் பாரம் இல்லாமல் சூடாக்கினால் பறந்து போய்ப் பற்றிக்கொள்ளும்.

கோழி கூடைக்குள் இருக்கும் பதினைந்து நிமிடத்தில் சோஸை முடித்துவிடலாம். தாச்சியில் ஒரே ஒரு தேக்கரண்டி எண்ணெய், அடுப்பு முழு வேகத்தில். நறுக்கிய உள்ளி நாலு பல், இடித்த செத்தல் இரண்டு தேக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு நெட்டு. செத்தல் கறுக்க முதல் சதுரமாக வெட்டிய பெரிய வெங்காயம் ஒன்றும் கறி மிளகாய் இரண்டும். இரண்டு நிமிடம் போதும், கடிபட வேண்டும். துருவிய தக்காளி ஒன்று, தக்காளி சோஸ் ஒரு மேசைக்கரண்டி, சோயா சோஸ் இரண்டு தேக்கரண்டி, வினாகிரி இரண்டு தேக்கரண்டி, சீனி அரைத் தேக்கரண்டி. அது சுண்டிப் பசை மாதிரித் தாச்சியில் கோடு விழும் பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, அதற்குப் பிறகுதான் கோழியைப் போட்டு நாலு தரம் பிரட்ட வேண்டும். அடுப்பு எரிய எரியப் பிரட்டினால் மேல்மா சோஸைக் குடித்துத் தோலுரியும். அரிசி மாவின் மொறுமொறுப்பு அணைத்த பிறகு பத்து நிமிடம் நிற்கும். ஆகவே சாப்பிடுகிறவர்களை முதலில் கூப்பிட்டுவிட்டு, பிறகு பிரட்டுங்கள்.

உப்புக் கணக்கு இங்கேதான். ஒரு தேக்கரண்டி உப்பில் 2300 மில்லிகிராம் சோடியம், ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் 900 அளவு. வழக்கமான கைப்பக்குவத்தில் இதே 500 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சோயா, நாலு மேசைக்கரண்டி தக்காளி சோஸ் விழுந்தால் ஒருவருக்கு 1100 மில்லிகிராமைத் தாண்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு முழு நாளுக்குச் சொல்லும் எல்லை 2000. மேலே சொன்ன அளவில் ஒருவருக்கு 350 பக்கம் நிற்கும், இறைச்சியில் இயல்பாக இருப்பது இதற்கு வெளியே. கொழுப்பு ஒருவருக்கு எட்டு ஒன்பது கிராம், அதில் நிறைவுற்றது ஏறக்குறைய 2 கிராம். குறைந்த உப்பை நாக்கு தேடாமல் இருக்க வினாகிரியும் கடைசியில் பிழியும் அரைத் தேசிக்காயும் போதுமானவை. சோஸ் போத்தலில் சீனி, உப்பு, கொழுப்புக்கான நிறக்குறி இருந்தால் உப்பின் நிறத்தைப் பாருங்கள். டெவல் மசாலாப் பக்கற்றுகளின் பின்புறத்தையும் படித்துவிட்டே வாங்குங்கள். பொட்டாசியம் கலந்த உப்பை வாங்கி ஈடுகட்ட நினைப்பவர்கள், சிறுநீரகக் கோளாறோ சில வகைப் பிரஷர் மருந்துகளோ இருந்தால் வைத்தியரிடம் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

செட்டைத் துண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எயார் ஃபிரையரில் மிகவும் திறமாக வருவது அதுதான். தோலின் அடியில் உள்ள கொழுப்பு உருகித் தோலையே பொரிக்கிறது, ஒரு சொட்டு எண்ணெயும் தேவையில்லை. கீழ்த்தட்டில் தேங்கும் கொழுப்பைக் கண்டு எல்லாம் போய்விட்டது என்று நம்பிவிடுவோம். போனது ஒரு பகுதிதான், மிச்சம் அந்த மொறுமொறுத் தோலிலேயே இருக்கிறது. எண்ணெய் விடாததால் மனம் லேசாகி, நாலுக்குப் பதில் எட்டு உள்ளே போகும். மாதத்தில் ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். செய்யும்போது கீழ்த்தட்டில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு வையுங்கள், சொட்டும் கொழுப்பு தீய்ந்து புகைக்காது.

பக்கற்றில் வரும் உறைந்த நகெட்ஸ் முன்பே எண்ணெயில் பொரித்து உப்புப் போட்டது. அதைச் சூடாக்க மட்டும் இந்தக் கருவி என்றால் பணம் வீண். ரோல்ஸ் பரவாயில்லை, எண்ணெய் பூசினால் நிறம் வரும், ஆனால் ஓரம் வெடிக்கும்.

துப்புரவு பற்றிக் கடைக்காரர் சொல்லாதது: கூடையைக் கழுவினால் மட்டும் காணாது. ஆறியபின் கருவியைத் தலைகீழாகப் பிடித்துக் கம்பிச்சுருளை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அங்கே ஒட்டிய மிளகாய்த்தூள் அடுத்த முறை சூடாகும்போது வீடே இருமும். கூடைக்கு இரும்புப் பஞ்சும் இரும்பு இடுக்கியும் ஆகாது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று கம்பிவலையிலும் திருகாணிகளிலும் துருவை ஏற்றும், பாவித்து முடிந்தால் ஈரமில்லாமல் மூடி வையுங்கள். உத்தரவாத அட்டையை நீட்டும்போதே, பழுதானால் திருகோணமலையில் பார்ப்பார்களா கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டு அதையும் எழுதி வாங்குங்கள்.

மிஞ்சப்போகிறது என்று தெரிந்தால் கோழியையும் சோஸையும் வேறு வேறு பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் கோழியை மட்டும் 170 பாகையில் ஐந்து நிமிடம் உள்ளே நல்ல சூடாகும் வரை வைத்து, சோஸைத் தனியே கொதிக்க வைத்துப் பிரட்டினால் முதல்நாளுக்குக் கிட்ட வரும். வாடைக்காற்று மழை தொடங்கிவிட்டால் காற்றின் ஈரத்தில் மேல்மா இன்னும் வேகமாகப் பதப்படும், அப்போது இரண்டு நிமிடம் கூட்டி வையுங்கள்.