கெயார்கிவர் கோர்ஸ், இஸ்ரேல் வேலை: காசு கட்டுமுன் ரசீதைப் பாருங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் அம்மா அப்பாவுக்கும் இதை எழுதுகிறேன். "ஆறு மாத கெயார்கிவர் கோர்ஸ், என்.வி.கியூ. 4 சான்றிதழ், முடித்த கையோடு இஸ்ரேலில் வேலை" என்று யாராவது வந்து சொன்னால், கொஞ்சம் பொறுங்கள். கெயார்கிவர் என்றால் முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிப்பவர், என்.வி.கியூ. என்பது தேசிய தொழில் தகைமை. என் தங்கச்சி அப்படியோர் இடத்தில் சேர்ந்து 160,000 ரூபா கட்டினாள். வேலையும் இல்லை, கையில் இருக்கும் சான்றிதழுக்கு மதிப்பும் இல்லை. அந்த இடத்தின் பெயரை இங்கே போடவில்லை. பிரச்சினை இன்னும் முடியவில்லை என்பது ஒரு காரணம். இதே வேலையை இன்னும் பல இடங்களில் செய்கிறார்கள், ஒரு பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் நல்லது போலத் தெரியும் என்பது மற்றக் காரணம்.

காசு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவேண்டும். அது அம்மாவின் ஈ.பி.எப்., அதாவது ஊழியர் சேமலாப நிதிக் காசு. கொழுந்தெடுக்கிற பெண்கள் ஐம்பது வயதானதும் அதை எடுக்கலாம். சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டி, தோட்டம் 12 சதவீதம் போட்டு, காலம் முழுக்கச் சேர்ந்த காசு. அது கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தரகர் வீட்டு வாசலில் நிற்கிறார். வெளி ஆள் இல்லை, பக்கத்து டிவிசன்காரர், முறைக்கு எங்களுக்கு மாமா. யார் வீட்டில் ஈ.பி.எப். வந்திருக்கிறது, யார் பிள்ளை உயர்தரம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் அவருக்கு இவ்வளவு என்று கணக்கு இருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தக் கணக்கில் பார்த்தாலும், கட்டிய காசில் கோர்ஸ் கட்டணம் 85,000 மட்டுமே அறுபதுக்கு மேற்பட்ட முழுப்பேர், அதாவது முழுநாள் வேலை. மழையில் அரைப்பேர் விழும் மாதங்களைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

சேர்ந்தது ஏன் என்று கேட்பவர்கள் தோட்டத்தில் வந்து பார்க்கவேண்டும். வேலைக்கு ஆள் இல்லை என்று துரைமார் சொல்கிறார்கள், வேலை இல்லை என்று லயத்தில் பிள்ளைகள் சொல்கிறார்கள். இரண்டும் உண்மைதான். உயர்தரம் படித்த பிள்ளையைக் கூடை தூக்கிக்கொண்டு மலைக்குப் போ என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். மிச்சம் இருப்பது கொழும்பில் கடை, கார்மென்ட், செக்கியூரிட்டி. 2022 நெருக்கடி வந்த வருடம் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து வெளிநாடு போனார்கள். அவர்களில் யாராவது ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திலும் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். அதைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்?

சரி, கோர்ஸுக்கு வருவோம். டவுனில் ஒரு மாடியில் இரண்டு அறை. ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் பொம்மை, காற்று நிற்காத ஒரு பிரஷர் பார்க்கும் கருவி. நாற்பது பிள்ளைகளும் அந்த ஒரு பொம்மையைத்தான் மாறி மாறிக் குளிப்பாட்டினார்கள். நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பதை வைட்போர்டில் படம் வரைந்து காட்டினார்களாம். வைத்தியசாலைக்கோ முதியோர் இல்லத்துக்கோ பயிற்சிக்கு அனுப்புவோம் என்று சொன்னது கடைசிவரை நடக்கவில்லை. பட்டமளிப்பு விழா மட்டும் நன்றாக நடந்தது. ஹோல் எடுத்து, கறுப்பு அங்கி வாடகைக்கு எடுத்து, போட்டோவுக்குத் தனியாகக் காசு வாங்கி.

சான்றிதழைப் பாருங்கள். தங்க நிற முத்திரை, பளபளக்கும் ஸ்டிக்கர், நடுவில் பெரிதாக என்.வி.கியூ. என்ற எழுத்து. அதற்கு மேலே பொடி எழுத்தில் "தரத்துக்கு இணையானது" என்று இருக்கிறது. உண்மையான என்.வி.கியூ. சான்றிதழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் வருவது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் வந்து பிள்ளையைச் சோதித்த பிறகுதான் கிடைக்கும். அதில் ஓர் இலக்கம் இருக்கும், இணையத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். தங்கச்சியின் சான்றிதழில் இலக்கம் இருந்தது, ஆனால் அது அவர்களாகப் போட்டுக்கொண்ட இலக்கம். இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. நிறுவனம் ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறது என்று ஒரு கடிதத்தை பிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். நிறுவனம் பதிவாகியிருப்பது ஒன்று, குறிப்பிட்ட கோர்ஸுக்குத் தர அங்கீகாரம் கிடைத்திருப்பது வேறொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும்.

இதுவரை போனது 85,000. அடுத்தது "பைல் போடும் காசு" 75,000. இஸ்ரேலுக்குப் பெயர் அனுப்ப, மெடிக்கலுக்கு, மொழிபெயர்ப்புக்கு என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார்கள். அதையும் கட்டி மூன்று மாதம் கழித்து, "சீட் கன்போர்ம் பண்ண" என்று இன்னும் ஒன்றரை இலட்சம் கேட்டபோதுதான் அம்மா என்னிடம் சொன்னார்.

நான் டவுனில் ஒரு கொமியூனிகேஷனில் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி, படிவம் நிரப்புவது, ஒன்லைன் விண்ணப்பம், இதுதான் நாள் முழுக்க. ரசீதுகளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு ரசீதிலும் ஆங்கிலத்தில் ஒரே வரி: பயிற்சி மற்றும் ஆலோசனைக் கட்டணம். இஸ்ரேல் என்ற பேச்சே இல்லை. வேலை என்ற பேச்சே இல்லை. பின்பக்கம் மங்கலான எழுத்தில், எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது. வாயால் சொன்னது முழுக்கத் தமிழில், தாளில் எழுதியது முழுக்க ஆங்கிலத்தில். இந்தத் திட்டம்தான் அவர்களின் உயிர்நாடி. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கென்று காசு வாங்குவது 1985ஆம் ஆண்டின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டப்படி குற்றம். அதனால்தான் அவர்கள் வேலைக்கு என்று எழுதுவதே இல்லை.

1989க்கு அழைத்தேன். பணியகத்தின் இலக்கம் அது, தமிழிலும் பேசலாம். அந்தப் பெயரில் அனுமதிபெற்ற முகவர் நிலையம் எதுவும் இல்லை என்றார்கள். அதோடு இஸ்ரேல் தாதிமைப் பராமரிப்பு வேலை அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு, பணியகமே நேரடியாக ஆள் எடுக்கிறது, நடுவில் தரகருக்கு இடமே இல்லை என்றும் சொன்னார்கள். 2023 நவம்பரில் கையெழுத்தான இஸ்ரேல் விவசாய வேலை ஒப்பந்தமும் இப்படித்தான். தென் கொரியாவின் ஈ-9 தொழில் விசாவும் இப்படித்தான், மொழிப் பரீட்சை எழுதிப் பணியகத்தின் வழியாகத்தான் போகமுடியும். இந்த மூன்றுக்கும் யாராவது "எனக்கு உள்ளே ஆள் இருக்கு" என்று சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

முறைப்பாடு செய்யலாம், ஆனால் வேலைக்காகக் காசு வாங்கியதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். பொலிஸிலும் அதே கதை. ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கோர்ஸ் காசுதானே, கோர்ஸ் நடந்ததுதானே?" என்றார் சார்ஜன்ட். அவரையும் குறை சொல்லமுடியாது, தாளில் அப்படித்தான் இருக்கிறது.

எங்களைக் காப்பாற்றியது தங்கச்சியின் போன். அந்த நிறுவனத்து மிஸ் வட்சப்பில் அனுப்பிய வொயிஸ் மெசேஜ் எதையும் அவள் அழிக்கவில்லை. "தங்கச்சி, இந்த மாசம் பைல் காசு கட்டினாத்தான் அடுத்த பெட்ச்ல இஸ்ரேல் போகலாம், அம்மாகிட்ட சொல்லுங்க." இது ஒன்று போதும். கூடவே பேஸ்புக்கில் போட்ட விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட். எல்லாவற்றையும் திகதி தெரியும்படி பிரின்ட் எடுத்து, வொயிஸ் மெசேஜை எழுத்தில் இறக்கி, பணியகத்துக்கும் பொலிஸுக்கும் திரும்பக் கொடுத்தோம். அதன்பிறகு என்ட்ரி போட்டார்கள். நிறுவனத்தார் தாங்களாகவே பேசவந்தார்கள்.

விஷயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. இது பலருக்குத் தெரியாத இடம். லோயர் தேவையில்லை, செலவு இல்லையென்றே சொல்லலாம், பாடசாலை ஹோல் மாதிரி ஓரிடத்தில் விடுமுறை நாளில் கூடுவார்கள். ஊர்ப் பெரியவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். ஒத்துவராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் தருவார்கள், அதை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம். எங்களுக்கு பைல் காசு 75,000ஐத் தவணையாகத் தர ஒத்துக்கொண்டார்கள். முதல் தவணை வந்தது, இரண்டாவது இழுபடுகிறது. கோர்ஸ் காசு போனது போனதுதான். முறைக்கு மாமாவாக இருந்தவர் இப்போது எங்களைக் கண்டால் வேறு பக்கம் போகிறார். அம்மாவுக்கு காசைவிட அதுதான் வருத்தம். எனக்கு அப்படி ஒன்றுமில்லை.

எங்களுக்குப் பிறகு கடைக்குப் போட்டோ கொப்பிக்கு வந்த மூன்று நான்கு பிள்ளைகளின் கையில் இதே ரசீதைப் பார்த்தேன். ஒருத்தி அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டியிருக்கிறாள். சிலர் முறைப்பாடு செய்யப் பயப்படுகிறார்கள், செய்தால் பெயரை வெட்டிவிடுவார்களாம். எந்தப் பட்டியலில் இருந்து?

கெயார்கிவர் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல தொழில், உண்மையான தேவையும் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் முதலில் விசாரியுங்கள். பல பாடநெறிகள் இலவசம், சான்றிதழும் அசல். பிரதேச செயலகத்தில் தொழில் வழிகாட்டல் பற்றிக் கேட்டாலும் வழி சொல்வார்கள். தனியாரிடம்தான் போவதென்றால், வேலை வாங்கித் தருவதாகச் சொல்வதை அப்படியே ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், தமிழில். எழுதமாட்டார்கள். அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

விசிட் விசாவில் டுபாய் போய் வேலை மாற்றலாம் என்பவர்களையும் நம்பவேண்டாம். 2022இல் ஓமானுக்கு அப்படிப் போன நம் நாட்டுப் பெண்கள் பட்ட பாடு பத்திரிகைகளில் வந்தது. தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை என்று போன இளைஞர்களை மியன்மார் முகாம்களில் அடைத்து வைத்து மோசடி வேலை செய்யவைத்ததும் வந்தது.

இதே மாதிரி ரசீது வைத்திருப்பவர்கள் அதைத் தொலைத்துவிடாதீர்கள். போனை மாற்றும்போது வட்சப்பை பெக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டுக் கடிதம் எழுதத் தெரியாவிட்டால் கருத்தில் சொல்லுங்கள், எங்களுடைய கடிதத்தின் மாதிரியைப் பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.