கா தோரோவா, வென்ட்ராமினா?

எந்த மாளிகை அழகு? இத்தாலியின் வெனிஸ் நகரில், கிராண்ட் கால்வாயின் ஒரே கரையில்தான் இரண்டும் நிற்கின்றன. படகில் போகிறவர்கள் கேமராவைத் தூக்குவது பெரும்பாலும் கா தோரோவைப் பார்த்ததும்தான். 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மரின் கொன்தாரினி கட்டிய கோத்திக் (கூர்வளைவுப் பாணி) மாளிகை அது. சரிகை போலக் கல்லைக் குடைந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் முகப்பில் தங்க ரேக்கும் ஒட்டியிருந்தது.

என் ஓட்டு வென்ட்ராமின் கலேர்ஜிக்கு. அந்திரேயா லொரெதானுக்காக மவுரோ கொதுசி வடிவமைத்த மறுமலர்ச்சி மாளிகை, 1509இல் முடிந்தது. ஜன்னல்களைப் பாருங்கள்: பெரிய வளைவு ஒன்று, அதற்குள் சின்ன வளைவுகள் இரண்டு, அவற்றின் மேல் நடுவில் ஒரு வட்டம். இந்த அமைப்பே தூண்களுக்கு இடையில் திரும்பத் திரும்ப வருகிறது. அலங்காரத்தைக் குறைத்து, அளவை நம்பிக் கட்டியதில்தான் அந்த அழகு. இசைமேதை வாக்னர் 1883 பிப்ரவரியில் இறந்ததும் இங்கேதான்.

சரி, உள்ளே போக எது வசதி? கா தோரோதான். அதன் உரிமையாளராக இருந்த ஃபிராங்கெட்டி 1916இல் அரசுக்குக் கொடுத்த மாளிகை அது, இப்போது அருங்காட்சியகம். மறுமலர்ச்சிக் கால ஓவியர் மன்தேஞா வரைந்த புனித செபாஸ்தியன் ஓவியம் அங்கே இருக்கிறது. வென்ட்ராமின் இன்று சூதாட்ட விடுதி. வாக்னர் அறைகளைப் பார்க்க முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். முகப்பு மட்டும் போதுமென்றால் காசே வேண்டாம்: எதிர்க்கரையில், சற்றுத் தள்ளியிருக்கும் சான் ஸ்தாயே படகுத்துறையில் நின்று பார்க்கலாம்.