பாசார் மாலாம் ‘லாகா செட்’: 65 வெள்ளி கொடுப்பதற்கு முன்

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் (நம் ஆட்கள் வாயில் இன்னமும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான்) பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு கடையில் சண்டை மீன் (மலாயில் ‘ஈக்கான் லாகா’) செட் போட்டு விற்கிறார்கள். விலை 65 வெள்ளி (ரிங்கிட்). வால் விரிந்த ஹாஃப்மூன் ஆண் மீன் ஒன்று, நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்த 1.2 லிட்டர் அக்ரிலிக் பெட்டி, அடியில் நீல விளக்கு, ஒரு கைப்பிடி வண்ணக்கல், பிளாஸ்டிக் செடி, ‘வைட்டமின்’ என்று சொல்லி ஒரு சின்ன பாட்டில். எங்கள் வீட்டுக்கு வந்த மீன் 11ஆம் நாள் செத்தது. பள்ளிப் பிள்ளைகள் ஆசையாகச் சேர்த்த காசில் இதை வாங்குகிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறோம்.

கடைக்காரர் சொன்னதை அப்படியே தருகிறோம்: “இது வயக்காட்டுக் குட்டையில வாழுற மீனு, அக்கா. காத்தக் குடிச்சே உசுரோட இருக்கும். ஃபில்டர் வேணாம், பம்ப் வேணாம். மாசத்துக்கு ஒரு தடவ தண்ணி மாத்துனா போதும்.”

இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள்கூட நம்பிவிடுகிறார்கள்.

வயல் உண்மை. இந்த மீனின் பூர்வீகம் தாய்லாந்துப் பக்கத்து வயல்களும் சதுப்பு நிலங்களும்தான். ஆனால் அந்த வயலில் தண்ணீர் முழங்கால் அளவே இருந்தாலும் பரப்பு பெரியது. புல்லும் பாசியும் அடர்ந்திருக்கும். ஓர் ஆண் மீன் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தோற்ற மீன் விலகி ஓடிவிடும். கோடையில் குட்டை சுருங்கும்போது அதில் தாக்குப்பிடிப்பது உயிரைக் காத்துக்கொள்ளும் வழி. அதை வருஷம் முழுக்க வாழும் இடமாகக் காட்டி விற்கக் கூடாது.

காற்றும் உண்மை. செவுளுக்கு மேலே லாபிரிந்த் என்ற மடிப்பு மடிப்பான உறுப்பு இருக்கிறது. மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு போவது அதற்காக. ஆகவே ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் அது சமாளிக்கும். ஆனால் செவுள் எந்நேரமும் தண்ணீரில்தானே இருக்கிறது? மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. எச்சமும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகி இன்னும் அம்மோனியா சேர்கிறது. 20 லிட்டரில் கரையும் அதே கழிவு 1.2 லிட்டரில் 16 மடங்குக்கு மேல் அடர்த்தியாக நிற்கும். அது செவுளைச் சுட்டுவிடும். காற்றைக் குடிக்கும் உறுப்பு இந்த விஷத்தைத் தடுக்காது.

ஃபில்டர் வேலை செய்வது இந்த இடத்தில்தான். ஸ்பாஞ்சில் வளரும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். வேறொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது அந்த அளவுக்கு இல்லை. இந்தப் பாக்டீரியாக் கூட்டம் உருவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அந்தப் பெட்டியில் அது வளர இடமும் இல்லை, நேரமும் இல்லை.

எங்கள் மீனுக்கு என்ன நடந்தது என்பதை நாள்வாரியாகச் சொன்னால் உங்கள் வீட்டு மீனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூன்றாம் நாள் துடுப்புகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. ஐந்தாம் நாள் கண்ணாடியை ஒட்டி மேலும் கீழும் ஓயாமல் நீந்தியது. அது விளையாட்டு இல்லை, தப்பிக்கும் முயற்சி. ஏழாம் நாள் மேல்மட்டத்திலேயே தொங்கிக்கொண்டு வேக வேகமாகச் செவுளை அசைத்தது. நல்ல மீன் ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு உடனே கீழே இறங்கிவிடும். மேலேயே தங்கி இப்படிச் செவுளை அசைத்தால் செவுள் கெட்டிருக்கலாம். செவுள் விளிம்பும் சிவந்திருந்தது. ஒன்பதாம் நாள் அடியில் சாய்ந்து படுத்துவிட்டது.

இடையில் கடையில் போய்க் கேட்டபோது, “நுரை கட்டுதா இல்லையா? கட்டுதுன்னா சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம்” என்று அனுப்பிவிட்டார். நுரைக்கூடு கட்டுவது ஆண் மீனின் இனப்பெருக்க இயல்பு. அசையாத தண்ணீரில், வெதுவெதுப்பில் அது கட்டும். நோயாளி மீனும் கட்டும், சாகிற வாரத்திலும் கட்டும். நுரையைப் பார்த்து நலத்தை எடை போடவே கூடாது.

செவுளை விரித்துச் சிலிர்ப்பதைக் காட்டித்தான் அந்தக் கடையில் மீனை விற்கிறார்கள். கண்ணாடித் தடுப்பின் மறுபக்கம் இன்னொரு ஆண் மீனை விட்டு, “ரெண்டா வாங்குனா அழகு” என்கிறார்கள். சிலிர்ப்பது எதிரியை மிரட்டுவது. வயலில் அது சில நிமிடத்தில் முடிந்துவிடும், ஏனென்றால் ஒன்று ஓடிவிடும். பெட்டியில் ஓட இடமில்லாததால் நாள் முழுக்க நீடிக்கும். தீனி எடுக்காது, நீண்ட வாலுள்ள மீன் தன் வாலையே கடித்துக்கொள்ளும். காலையில் பார்த்தால் வாலில் அரைவட்டமாக, சுத்தமாக வெட்டியதுபோல் காணாமல் போயிருக்கும். இதை வால் அழுகல் என்று நினைத்து மருந்து ஊற்றாதீர்கள். அழுகலாக இருந்தால் ஓரம் நைந்து கறுத்தோ சிவந்தோ மெல்ல மெல்லக் குறையும். கடிக்கு மருந்து, தடுப்பில் ஓர் அட்டையைச் சொருகுவது. முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டிச் சிலிர்க்க வைக்க ஆசைப்பட்டால் நாளுக்கு ஓரிரு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

அடியில் எரியும் நீல விளக்கையும் அணையுங்கள். மீனுக்கு இமை கிடையாது. 8 முதல் 10 மணி நேர வெளிச்சம் போதும். இரவு இருட்டு வேண்டும்.

அந்த ‘வைட்டமின்’ மெத்திலீன் புளூ என்றே நினைக்கிறோம். நிறமும், கையில் ஒட்டிய கறையும் அப்படித்தான் இருந்தன. அது பூஞ்சைக்குப் பயன்படும் மருந்து, சத்து இல்லை. கடையில் எல்லாக் கப்பிலும் தண்ணீர் நீலமாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். நீலத்தில் மீன் மேல் படிந்திருக்கும் தங்கத்தூள் போன்ற வெல்வெட் நோய் கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த தண்ணீரில் விடச் சொல்லி, கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மேலிருந்து பாருங்கள்: செதில்கள் அன்னாசிப்பழம்போல் தூக்கி நின்றால் வாங்காதீர்கள். கப்புக்கு வெளியே விரலை அசைத்தால் நல்ல மீன் திரும்பிப் பார்க்கும், கிட்டே வரும்.

விலையிலும் ஒரு வித்தை உண்டு. ‘கோய்’, ‘கேலக்ஸி’ என்று புள்ளி போட்ட மீன்களுக்கு 80, 100 வெள்ளி கேட்கிறார்கள். அவை மார்பிள் மரபணு கொண்டவை. அந்த நிறம் நிற்காது. சில மாதத்தில் முழுக்கக் கருநீலமாகவோ வெளுத்தோ போகலாம். மீன் பிடித்திருந்தால் வாங்குங்கள், நிறத்துக்கென்று தனிக்காசு கொடுக்காதீர்கள். தடித்த வெள்ளிச் செதில் உள்ள ‘டிராகன்’ வகையில் செதில் கண்மேல் வளர்ந்து பார்வை போவதும் உண்டு. வாங்கும்போதே இரண்டு கண்ணையும் பாருங்கள்.

சரியான வீட்டுக்கு அதிகம் செலவாகாது. 40 செ.மீ. நீளம், 25 அகலம், 25 உயரத் தொட்டி; தண்ணீரை 20 செ.மீ. வரை ஊற்றினால் 20 லிட்டர். மேலே விடும் 5 செ.மீ. இடைவெளி முக்கியம்: மீன் அங்கே வந்துதான் காற்றெடுக்கும். மூடி கட்டாயம், இந்த மீன் குதிக்கும். சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், காற்றைக் குறைக்கும் திருகு வால்வு, கரண்ட் போனால் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வ். காற்றை மெதுவாக வையுங்கள். வால் நீண்ட மீன் நீரோட்டத்தோடு போராடினால் களைத்துப்போகும். பிளாஸ்டிக் செடி வாலைக் கிழிக்கும். ஜாவா ஃபெர்ன் மாதிரி உயிர்ச்செடி வைத்தால் ஒளியவும் சாய்ந்து ஓய்வெடுக்கவும் இடம் கிடைக்கும். ஹீட்டர் நம் ஊருக்குத் தேவையில்லை. 24 முதல் 28 டிகிரி நல்லது. ஏர்கான் அறையிலும், மதிய வெயில் விழும் சன்னலோரத்திலும் மட்டும் வைக்காதீர்கள்.

குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றவே கூடாது. குளோரின் செவுளைப் பொசுக்கும். வாளியில் திறந்து ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும், குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) போகாது. ஆன்டி குளோரின் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி ஊற்றிவிட்டால் கவலையில்லை. வாரம் ஒரு முறை 5 லிட்டர் மாற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் பாக்டீரியா செத்து, மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியதுதான். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் பிழியுங்கள்.

காய்ந்து விழுந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஒன்றை அலசிப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும், அதுவும் நல்லதே. ஆனால் செம்பனைத் தோட்ட ஓரத்தில் பொறுக்காதீர்கள், களைக்கொல்லி அடித்திருப்பார்கள். தோட்டத்துக் கால்வாயில் அள்ளும் கொசுப்புழுவுக்கும் இதே பேச்சுதான். வீட்டில் வாளி வைத்துப் புழு வளர்த்தால் டெங்கிச் சோதனையில் அபராதம் விழும். தரமான குருணைத் தீனி, வேளைக்கு 2 அல்லது 3, நாளுக்கு இரண்டு வேளை, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. வயிறு அதன் கண்ணளவுதான் என்பார்கள்.

கடைகளில் யாரும் சொல்லாத ஒன்று: தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) டெங்கிப் புகை அடிக்க வரும்போது ஏர் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியும் பிளாஸ்டிக்கும் போட்டு மூடுங்கள். அந்தக் கொசு மருந்து மீனுக்குக் கொடிய விஷம், பம்ப் அதை நேராகத் தண்ணீருக்குள் தள்ளிவிடும். புகை முழுக்க அடங்கிய பிறகே திறக்க வேண்டும். அறைக்குள் அடிக்கும் ஸ்ப்ரேயும் அப்படியே.

ஏற்கெனவே அந்தச் செட்டை வாங்கிவிட்டீர்களா? இன்றிரவே மீனைப் பெரிய பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சோப்பு படாத 10 லிட்டர் வாளிகூடப் போதும். ஆன்டி குளோரின் கலந்து, பழைய தண்ணீரின் அதே வெதுவெதுப்பில் இருக்கட்டும். முதலில் மீனை அதன் தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் மிதக்க விட்டு, கால் மணி நேரம் கழித்து அரைக் கப், அரைக் கப்பாகப் புதுத் தண்ணீரைப் பையில் சேர்த்து, அரை மணி நேரத்தில் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பையில் மிஞ்சிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாளிக்கு மூடி, ஆனால் காற்றோட்டத்தோடு. ஃபில்டரில் பாக்டீரியா வளரும் வரை இரண்டு நாளைக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

மனம் வெறுத்துப்போய் மீனைக் கால்வாயில் விட்டுவிடாதீர்கள். நம் ஊரை ஒட்டிய வட சிலாங்கூர் கரிச்சதுப்புக் காட்டில் பெட்டா லிவிடா என்ற சின்ன சண்டை மீன் வாழ்கிறது. சிலாங்கூரைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை, அழியும் அபாயத்தில் இருக்கிறது. கடை மீன் கொண்டுபோகும் நோய் அதன் தண்ணீருக்குள் போகக் கூடாது.

காசு விஷயம். ரசீது கேளுங்கள், தர மறுத்தால் வாங்காமல் நகருங்கள். கடையில் மாட்டியிருக்கும் லைசென்ஸ் அட்டை, பெட்டி, பாட்டில், மீன் எல்லாவற்றையும் அன்றே தேதியோடு படமெடுத்து வையுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதிய 5 வெள்ளிதான் கட்டணம், வக்கீல் தேவையில்லை. நாங்கள் ரசீது வாங்கவில்லை, கடைக்காரர் பெயரும் தெரியாது. அதனால் பாரம் 1-இல் (வழக்குப் படிவத்தில்) யார் பெயரை எழுதுவது என்ற இடத்திலேயே எங்கள் புகார் நின்றுவிட்டது.