கஞ்சியா, திரிபோஷவா, டின் மாவா: வயிற்றோட்டத்துக்குப் பிறகு பிள்ளையின் நிறையை ஏற்றிய கதை

மாரி மழை தொடங்கிய கையோடு மகனுக்கு வயிற்றோட்டம் வந்தது. ஐந்து நாள். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைக் கரைசல்) கரைத்துக் கொடுத்தே நாங்கள் பாதி ஆளாகிவிட்டோம். நோய் நின்ற பிறகு கிளினிக்குக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தால் 8.6 கிலோ. அதற்கு முந்தின மாதம் 9.4. பிள்ளைக்கு வயது 19 மாதம். மிட்வைஃப் மிஸ் வளர்ச்சிக் கார்டில் புள்ளி வைத்தபோது கோடு, நிறை குறைவைக் காட்டும் செம்மஞ்சளுக்குள் இறங்கியிருந்தது.

அன்று பொழுதுபடுமுன் வீட்டில் கட்சிகள் பிரிந்துவிட்டன. மாமி கஞ்சி என்றார். கணவர் பார்மசியில் ஒரு டின் சத்துமா வாங்கி வந்தார். மச்சாள் தொலைபேசியில் பசி சிரப் ஒன்றின் பெயரைச் சொன்னாள். கிளினிக்கில் இலவசமாகத் தந்த சத்துமா, இரண்டு பக்கெட் திரிபோஷ, மேசையில் இருந்தது. எனக்கோ வீட்டுச் சோற்றின் மேல்தான் நம்பிக்கை.

எது நல்லது என்று பார்ப்பதற்கு நான் பிடித்த அளவுகோல் ஒன்றுதான்: பிள்ளையின் வயிறு. ஒரு கிலோ நிறைக்கு 30 மில்லிலீட்டர் என்று கணக்குப் போட்டால் என் மகனின் வயிறு ஒரு நேரத்தில் 250 மில்லிலீட்டர்தான் கொள்ளும். தேத்தண்ணிக் கோப்பையை விடக் கொஞ்சம் கூட. இந்த வயதில் நாளைக்கு 800, 900 கலோரி வேண்டும். நோய்க்குப் பிறகு இழந்ததையும் பிடிக்க வேண்டும் என்பதால் இன்னும் கூட. அப்படியானால் அந்தச் சின்னக் கோப்பைக்குள் எதை நிரப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மாமியின் கஞ்சியை இந்தக் கோப்பையில் ஊற்றிப் பார்ப்போம். "பிள்ளை, வயித்தால போன உடம்பு, கஞ்சியைத்தான் குடு" என்பது அவருடைய வாதம். நோய் நேரத்தில் அது சரிதான். போன நீரை ஈடுகட்ட அரிசிக் கஞ்சி நல்லது. ஆனால் ஒரு பிடி அரிசி, 25 கிராம் என்று வையுங்கள், அதில் 90 கலோரிதான் இருக்கிறது. அதைத் தண்ணீராய்க் கரைத்தால் வயிறு நிரம்பிவிடும், பிள்ளையும் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாமும் வயிறு நிறையக் குடித்தான் என்று நிம்மதியடைவோம். நிறை மட்டும் ஏறாது. போத்தலில் பால்மா கரைத்து நாள் முழுக்கக் கொடுப்பதும் இதே வினைதான். நாளைக்கு அரை லீட்டருக்கு மேல் பால் போனால் சோற்றுக்கு இடமில்லை, இரும்புச் சத்தும் குறையும்.

கணவரின் டின் மா. நியாயமாகச் சொன்னால் இது ஏமாற்று இல்லை. பிள்ளைகளுக்கென்று விற்கிற நல்ல சத்துப் பால் வகைகளைச் சொன்ன அளவில் கரைத்தால் ஒரு மில்லிலீட்டருக்கு ஒரு கலோரி வரும். மெல்ல முடியாத, பலவீனமான பிள்ளைக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் வாங்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு தொல்லை. ஒன்று, டின் சீக்கிரம் முடிந்துவிடும் என்று கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டத் தொடங்கினோம். அப்போது அதுவும் கஞ்சிதான். இரண்டு, வனிலா இனிப்புக்குப் பழகிய வாய் பருப்புச் சோற்றைத் துப்பியது. விலையைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, வாங்கியவர்களுக்குத் தெரியும்.

பசி சிரப்பை இரண்டு வரியில் முடிக்கலாம். விற்றமின் சிரப்பில் நிறை ஏற்றுகிற கலோரி இல்லை. பசியைத் தூண்டும் சில மருந்துகள் பிள்ளையைத் தூங்கவும் வைக்கும், வைத்தியர் சொல்லாமல் தொடக்கூடாது. வயிற்றோட்டத்துக்குப் பிறகு உண்மையில் வேலை செய்கிற மருந்து துத்தநாகம்: ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். வயிற்றோட்டம் நின்ற மறுநாளே அதையும் நிறுத்திவிடுவது நம்மவர்கள் வழக்கம். சொன்ன அத்தனை நாளும் கொடுத்து முடிக்க வேண்டும்.

இனி திரிபோஷ. 1973 தொடக்கம் இலங்கைப் பிள்ளைகள் சாப்பிடுகிற மா இது. சோளம், சோயா, கொஞ்சம் பால்மா, அதோடு உயிர்ச்சத்துகளும் கனியுப்புகளும். ஏற்கனவே வேகவைத்த மா என்பதால் அடுப்பு தேவையில்லை. 750 கிராம் பக்கெட் இரண்டு ஒரு மாதத்துக்கு. அதாவது நாளைக்கு 50 கிராம், ஏறத்தாழ 200 கலோரி. பிள்ளையின் தேவையில் கால்வாசி இலவசமாக வருகிறது. இதற்கு நிகரான பேரம் திருகோணமலையில் எந்தக் கடையிலும் இல்லை.

குறையும் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் சோளம் இல்லாமல் விநியோகம் தடைப்பட்டது. அந்த நேரம் இதை மட்டும் நம்பியிருந்த வீடுகள் தவித்தன. அப்புறம் வீட்டுக்குள் நடக்கிற களவு: மூத்த பிள்ளைகள், மாமா, அப்பப்பா என்று ஆளுக்கொரு உருண்டை. எங்கள் வீட்டிலும் முதல் பக்கெட் பத்து நாளில் காலி. குற்றவாளி நான்தான், தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிடித்தால் யாருக்குத்தான் கை நிற்கும்? இரண்டாவது பக்கெட்டை டப்பாவில் போட்டு மேல்தட்டில் வைத்தேன். மகன் கூழாகக் கரைத்ததைத் தொடவேயில்லை, உருண்டையாகப் பிடித்ததைத் தானே கையில் வைத்துக் கடித்தான். வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வடிவத்தை மாற்றிப் பாருங்கள்.

மீதி முக்கால்வாசிக்கு வீட்டுச் சாப்பாடுதான். இங்கே நான் கொஞ்சம் சார்புள்ளவள், அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள். குழையப் பிசைந்த சோறு அரைக் கோப்பை, கட்டிப் பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, அவித்த முட்டையில் பாதி, மேலே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். இவ்வளவுதான், 200 கலோரியைத் தாண்டும். கோப்பையும் நிரம்பவில்லை. பக்கத்தில் மாமியின் 90 கலோரிக் கஞ்சியை வைத்துப் பாருங்கள். இதில் வித்தை செய்வது எண்ணெய்: ஒரு தேக்கரண்டியில் 40 கலோரிக்கு மேல், இடமோ எடுப்பதில்லை. எண்ணெய்க்குப் பதில் தேங்காயின் முதல் பாலும் விடலாம்.

எங்கள் ஊரில் இருக்கிற வசதியையும் சொல்ல வேண்டும். காலையில் கடற்கரையில் வாங்கிய பாரை மீனை முள் எடுத்துப் பிசைந்தால் புரதம் கையில். தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் நோய்க்குப் பிந்திய வயிற்றுக்கு இதமானது. எருமைப் பாலில் கொழுப்பு பசும்பாலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மாலையில் அதோடு கதலிப்பழம் பிசைந்து கொடுத்தேன். உழுத்தங்களி பூப்பெய்திய பெண்களுக்கு மட்டும் என்று யார் சொன்னது? பனங்கட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்த அந்தக் களியில் ஒரு சின்ன உருண்டை இவனுக்கும் போனது.

வீட்டுச் சாப்பாட்டின் பலவீனம் நேரம். மூன்று வேளையோடு இரண்டு சிற்றுண்டி, நோய்க்குப் பிறகு குறைந்தது இரண்டு வாரத்துக்கு இன்னும் ஒரு வேளை. வேலைக்குப் போகிற தாய்க்கு இது விளையாட்டில்லை. எனக்கு மாமி இருந்தார். ஆள் இல்லாத வீட்டில் திரிபோஷவும் முட்டையும் வாழைப்பழமும்தான் கைகொடுக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரவில் தாய்ப்பாலையும் நிறுத்தவில்லை. ஒரு பிடிவாதம் மட்டும் பிடித்தேன்: ஃபோனைக் காட்டி வாயில் திணிப்பதில்லை. அரை மணித்தியாலத்தில் சாப்பிட்டது சாப்பிட்டதுதான், மிச்சம் அடுத்த வேளை.

இதெல்லாம் ஓடியாடித் திரிகிற, பசி திரும்பிய பிள்ளைக்கு. கால் வீங்கினால், மேல்கையின் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே போனால், எதையும் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால், மலத்தில் இரத்தம் கண்டால் எண்ணெய்க் கணக்கை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிக மெலிந்த பிள்ளைக்கு அவசரப்பட்டு நிறைய ஊட்டுவது ஆபத்து.

ஆறு கிழமைக்குப் பிறகு அதே தராசில் 9.5 கிலோ. முதல் கிழமையில் ஏறியதில் பாதி இழந்த நீர்தான் என்று மிட்வைஃப் மிஸ் சொன்னார், ஆகவே அந்தக் கிழமை துள்ளிக் குதித்ததை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மாமி இப்போதும் கஞ்சி வைக்கிறார், ஆனால் கரண்டி நிற்கிற கட்டியில், பயறும் தேங்காய்ப்பாலும் போட்டு. டின்னில் பாதி இன்னும் மிச்சம். என் கணவர் இரவில் தேத்தண்ணிக்குள் போட்டுக் குடிக்கிறார். அவருக்கும் இரண்டு கிலோ ஏறியிருக்கிறது.