ஞாயிற்றுக்கிழமை யார் புரட்டிப் படுக்கவைப்பது?

சிங்கப்பூரில் பக்கவாதம் வந்தவரை மருத்துவமனையில் சேர்த்து ஆறேழு நாள் ஆனதும், மருத்துவச் சமூக சேவகர் ஒரு கோப்போடு கட்டில் பக்கம் வந்து நிற்பார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா, சில வாரம் தங்கிப் பயிற்சி பெறும் சமூக மருத்துவமனைக்கு அனுப்பலாமா, நிரந்தரமாகப் பார்த்துக்கொள்ளும் தாதிமை இல்லம் பார்க்கலாமா என்று கேட்பார். பதில் சொல்ல ஓரிரு நாள்தான் கிடைக்கும். எங்கள் குடும்பத்தில் இந்த மூன்று பதிலையும் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அப்பாவை நேரே வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மாமியார் சமூக மருத்துவமனையில் ஐந்து வாரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். பெரியப்பா இப்போது தாதிமை இல்லத்தில் இருக்கிறார். நான் தாதி இல்லை. மூன்று இடத்திலும் இரவு விழித்த மகள், மருமகள் என்ற தகுதி மட்டும்தான்.

முதலில் அப்பா. வலப்பக்க மூளையில் அடைப்பு, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. அதனால் "பெருசா ஒண்ணும் இல்ல, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டா எழுந்துடுவார்" என்றார் அம்மா. நாங்களும் தலையாட்டினோம். வலது மூளையில் அடிபட்டால் இப்படித்தான் ஏமாற்றும். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு மறந்துபோகும். அப்பா தட்டின் வலப்பக்கச் சோற்றைத் தின்றுவிட்டு, "ஏம்மா, இன்னிக்குப் பொரியல் வைக்கலையா?" என்பார். பொரியல் இடப்பக்கம் அப்படியே இருக்கும். தட்டைத் திருப்பி வைத்ததும் "இப்பதான் வச்சியா?" என்று சந்தோஷமாகச் சாப்பிடுவார். நாங்கள் சிரித்தோம். அதே அப்பா, தன் இடது கால் வேலை செய்யாது என்ற நினைப்பே இல்லாமல், வீடு வந்த மூன்றாம் இரவு கட்டிலிலிருந்து இறங்கி விழுந்தார்.

பணிப்பெண் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. "முதியோர் பராமரிப்பில் அனுபவம் உண்டு" என்று முகவர் எழுதிக் கொடுத்திருந்தார். வந்த பிள்ளைக்கு 24 வயது, எடை 45 கிலோ. அப்பா 78 கிலோ. அவள் அதுவரை பார்த்துக்கொண்டது, தானாக நடமாடும் ஒரு பாட்டியை. அவளைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கு என்றேன். பக்கவாதம் வந்த தோளில் மூட்டை இறுக்கிப் பிடிக்கும் தசைகள் தளர்ந்திருக்கும். அந்தக் கையை இழுத்தாலோ அக்குளில் தூக்கினாலோ தோள்மூட்டு நழுவும். அப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. அடுத்த ஐந்து மாதம் சட்டை மாட்டும்போதெல்லாம் அலறினார். வலிக்குப் பயந்து பயிற்சியும் நின்றது.

தூக்கவே கூடாதாம். இடுப்பில் பட்டை கட்டி, நாற்காலியை நல்ல கை இருக்கும் பக்கம் போட்டு, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை அவரை முன்னால் குனியவைக்க வேண்டும். இடுப்பு தானாக எழும்பும். இதை நான் தெரிந்துகொண்டது பல வருஷம் கழித்து, மாமியாருக்காகப் போன சமூக மருத்துவமனையில்.

சமூக மருத்துவமனை என்றால் நம் ஆட்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. "அங்க என்ன பெருசா செய்யறாங்க? ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கை கால் ஆட்டிவிடறாங்க, மிச்ச நேரம் படுக்கைதான்" என்று உறவினர் ஒருவர் சொன்னார். அது முழுப் பொய்யும் இல்லை. வார இறுதியில் பயிற்சிக்கூடம் அமைதியாகத்தான் கிடக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் வைத்து எடை போடுவது தப்பு. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், விழுந்த கையைத் தலையணைமேல் எடுத்து வைப்பதும், சிறுநீர்க் குழாயைச் சீக்கிரம் எடுத்துவிட்டு நேரம் பார்த்துக் கழிவறைக்குப் பழக்குவதும் தாதிகள் செய்யும் சிகிச்சைதான். யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூளை வேகமாகத் தேறுவது முதல் மூன்று மாதத்தில். அதில் ஒரு மாதத்தைப் பழகாத கைகளிடம் கொடுத்த குடும்பம் நாங்கள்.

அங் மோ கியோ - தை ஹுவா குவான், புக்கிட் பாத்தோக்கில் செயின்ட் லூக்ஸ், சிமெயில் செயின்ட் ஆண்ட்ரூஸ், ஈசூன், ஜூரோங், ஊட்ரம், செங்காங் என்று இங்கே சமூக மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. நாமாகப் போய்ச் சேர முடியாது, மருத்துவர்தான், பெரும்பாலும் பெரிய மருத்துவமனை மருத்துவர், எழுதி அனுப்ப வேண்டும். அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபும், மருத்துவச் சேமிப்பான மெடிசேவும் செல்லும். இன்னொரு லாபமும் உண்டு. நீங்கள் பணிப்பெண் தேட, குளியலறையில் பிடிமானக் கம்பி போட, அந்த வாரங்கள் கிடைக்கின்றன.

மாமியாருக்கு இடது மூளை. வலப்பக்கம் விழுந்து பேச்சும் போனது. ஆங்கிலம் சுத்தமாகப் போய், தமிழில் நாலைந்து சொல் மட்டும் மிஞ்சியது. பேச்சு சிகிச்சையாளர் ஒரு சீன இளம்பெண், கெட்டிக்காரி. ஆனால் அவள் படம் காட்டிக் கேட்டதெல்லாம் ஆங்கிலத்தில். மூன்று நாள் மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து "ஒண்ணு, ரெண்டு..." என்று தொடங்கினேன். அவரே "மூணு, நாலு" என்று பத்துவரை போனார். சிகிச்சையாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பழக்கத்தில் ஊறிய வரிசை, தானாகப் பேசும் சொல்லுக்கு முன்னால் திரும்பி வருவதுண்டு என்று விளக்கினார். பிறகு என்னிடமே தமிழ்ச் சொற்பட்டியல் கேட்டு வாங்கினார். இந்த விஷயத்தில் வீடு ஜெயிக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். தமிழ் பேசும் ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் பேச்சுப் பயிற்சி பாதிப் பயிற்சிதான். எந்த இடமானாலும் தினம் அரை மணி யாராவது போய் உட்காருங்கள்.

விழுங்கும் விஷயத்தில் தீர்ப்பு மாறுகிறது. பக்கவாதம் வந்தவருக்குப் பாசத்தோடு நாம் கொடுக்கும் முதல் ஆகாரம் ரசம். அதைவிட ஆபத்தானது இல்லை. தண்ணீர்போல் இருப்பது தொண்டையில் வேகமாக வழிந்து, மூச்சுக்குழாய் மூடுவதற்குள் உள்ளே இறங்கிவிடும். சத்தமில்லாமல், இருமல்கூட வராமல் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். கஞ்சியும் நம்பக்கூடாது, ஆறினால் தண்ணீரும் பருக்கையுமாகப் பிரியும். இட்லி பூப்போல இருந்தாலும் வாயில் உதிர்ந்து தொண்டையில் ஒட்டும்.

மாமியார் குடிப்பதெல்லாம் 'இரண்டாம் நிலைக் கெட்டி', அதாவது லேசான கெட்டியாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். தாதி ஒருவர் சொல்லித்தந்ததை இப்போதும் அடுப்படியில் செய்கிறேன். ரசத்தை வடிகட்டி, கெட்டியாக்கும் தூளைக் கலந்து, சில நிமிடம் விட வேண்டும். ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்து, ரசத்தை நிரப்பி, விரலை எடுத்துப் பத்து விநாடி எண்ண வேண்டும். உள்ளே 4 முதல் 8 மில்லி மிஞ்சினால் சரி. தூள் மாவுச்சத்து வகை என்றால், எச்சில் பட்ட கரண்டியை அதே கிண்ணத்தில் விடக்கூடாது. எச்சிலே அதைத் தண்ணீராக்கிவிடும். அப்பாவுக்கு நாங்கள் இதில் ஒன்றையும் செய்யவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகாமல் போனது அதிர்ஷ்டம்.

பெரியப்பா கதை வேறு. இது அவருக்கு இரண்டாவது தடவை. மூக்கில் உணவுக்குழாய். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். வீட்டில் இருப்பதோ 74 வயதில் முழங்கால் வலியோடு பெரியம்மாவும் ஒரு பணிப்பெண்ணும். குழாய் வழியாகப் பால் கொடுக்கப் பணிப்பெண்ணும் பழகிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் குழாய் வழியாக வயிற்று நீரைச் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி, தாளில் அமிலம் பார்த்து, pH 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஊற்ற வேண்டும். தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும். குழாய் மாற்ற இல்லத் தாதிமைச் சேவை வீட்டுக்கே வரும். ஆக, குழாய் ஒரு காரணமே இல்லை. இரவு பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நான்குக்கும் புரட்ட ஆள் யார் என்பதுதான் கேள்வி. பகலெல்லாம் உழைத்த அதே பெண் என்றால், மூன்றாம் மாதம் அவள் ஓடிவிடுவாள் அல்லது பெரியப்பா முதுகில் புண் வரும்.

"பெத்த பிள்ளைங்க இருக்கும்போது ஹோமா?" என்று லிட்டில் இந்தியாவில் என்னிடமே கேட்டார்கள். கேட்டவர் யாரும் ஒரு ராத்திரி வந்து புரட்டவில்லை. தாதிமை இல்லத்தில் குறை இருக்கிறது. வரிசைக் கட்டில்கள், நாள் முழுக்க சீனத் தொலைக்காட்சி, பெரியப்பாவுக்குப் பிடிக்காத குளிக்கும் நேரம். பயிற்சியும் குறைவு, எழுந்து நடக்கும் வாய்ப்புள்ளவரை அங்கே அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் ஒன்றரை வருஷத்தில் அவருக்கு ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் தீர்வை வழக்கமாக மாதம் 300 வெள்ளி (டாலர்). 67 வயது நிறைந்தவரோ உடற்குறையுள்ளவரோ வீட்டில் இருந்தால் 60. இல்லப் பராமரிப்பு மானியம் 2019-இல் 200 வெள்ளியாகத் தொடங்கி 2023-இல் 400 வரை உயர்ந்தது. தாதிமை இல்லத்துக்குப் போனால் அது கிடையாது. நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியான கேர்ஷீல்டு லைஃப் பணம் எங்கே இருந்தாலும் வரும், ஆயுள் முழுக்க வரும். குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை, நடமாட்டம், இடம் மாறுவது ஆகிய ஆறில் மூன்று முடியாமல் இருக்க வேண்டும். நம் பெற்றோர் பலரிடம் இருப்பது பழைய எல்டர்ஷீல்டு. அது ஐந்தாறு வருஷத்தில் நின்றுவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு 'ஈஸ்' திட்டத்தில் கம்பியும் சாய்தளமும் பெரும் மானியத்தில் கிடைக்கும். பழைய வீடுகளில் குளியலறைக் கதவு வழியாகச் சக்கர நாற்காலி நுழையாது என்பதை முதலில் அளந்து பாருங்கள்.

நான் சொன்னதெல்லாம் பக்கவாதத்துக்கு. விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞருக்கு உடம்பு தேறியும் கோபமும் மறதியும் மிஞ்சலாம். அவரோடு ஒரு பணிப்பெண்ணைத் தனியாக வீட்டில் விடுவது சரியில்லை. தீக்காயம் நேரெதிர். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் தீக்காய நிலையத்தில் சிகிச்சை முடிந்தால், புத்தி தெளிவாக இருக்கும் அவருக்கு வீடுதான் நல்லது. ஆனால் ஒட்டுப்போட்ட தோல் சரியாக வியர்க்காது. அதன்மேல் நாளுக்கு 23 மணி நேரம் இறுக்கமான அழுத்த உடை போட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏர்கான் செலவையும் மருந்துச் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

மறுபடி மாமியார். இப்போது வாரம் இருமுறை பகல்நேர மறுவாழ்வு நிலையம், வேன் வந்து கூட்டிப்போகும். மற்ற நாள் பணிப்பெண். அவளுக்கு மாதம் ஒரு விடுப்பு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்டாமல் தந்தே ஆக வேண்டும் என்பது 2023 முதல் சட்டம். நாங்கள் எல்லா ஞாயிறும் விடுகிறோம். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய தாளில் அந்த நாலு ஞாயிறுக்கும் நாலு பெயர். கணவரின் தம்பி பெயர் இருக்கும் வாரம் மட்டும் அவருக்கு எப்படியோ ஜோகூரில் வேலை வந்துவிடுகிறது.

சமூக சேவகர் கோப்போடு வந்து நிற்கும்போது, பணிப்பெண்ணை இரண்டு நாள் வார்டுக்கு வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள். அவள் தன் கையால் நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதைத் தாதி பார்த்துச் சரி என்று சொல்லட்டும். அதன் பிறகு நீங்களும் ஒருமுறை மாற்றிக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்யப்போவது நீங்கள்தான்.