சூட்டில் நிற்கும் லென்ஸ்: ஒன்பது ஆண்டு அனுபவம்

அம்பத்தூரில் எங்களுடையது சிறிய இன்ஜெக்ஷன் மோல்டிங் பட்டறை, அதாவது உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தி வார்க்கும் இடம். ஒன்பது ஆண்டுகளாக எல்இடி விளக்குகளுக்கு லென்ஸ் வார்த்துக் கொடுக்கிறோம். "சூடு தாங்கும், கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் எது?" என்று கேட்டு வாரம் ஒருவராவது வருகிறார். "எத்தனை டிகிரி?" என்று நான் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான்.

தொடக்கத்தில் நானும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் அக்ரிலிக்கில் வார்த்தோம். 92 சதவீத ஒளியை விடும், வெயிலில் எளிதில் மஞ்சளாகாது, விலையும் கட்டுப்படியாகும். ஒரு வார்ப்பட ஆலையின் கூரை விளக்குகளுக்குப் போன லென்ஸ்கள் நான்காம் மாதமே திரும்பி வந்தன. கீறல்கூட இல்லை, வெயிலில் வைத்த அல்வாத் துண்டைப் போல விளிம்பு மட்டும் தொய்ந்திருந்தது. அக்ரிலிக் இளகுவது 105 டிகிரி செல்சியஸ் என்று தரவுத்தாள் சொல்லும். திருகில் இறுக்கி வைத்த பாகம் அதுவரை காத்திருக்காது. 90ஐத் தாண்டினாலே மெல்ல நகரத் தொடங்கிவிடும்.

பாலிகார்பனேட்டுக்கு மாறினோம். 1953இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டுபிடித்த பொருள். இளகுநிலை 147 டிகிரி பக்கம். தொய்வு நின்றது, வேறு தலைவலிகள் வந்தன. குருணையை 120 டிகிரியில் நான்கு மணி நேரம் காயவைத்து ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஓர் ஐப்பசி மழையிரவில் டிரையரின் ஹீட்டர் நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. காலையில் பார்த்தால், லென்ஸ்களில் 'கேட்'டிலிருந்து, அதாவது உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாயிலிலிருந்து, விசிறிபோல வெள்ளிக் கோடுகள். கோடு தெரியாதவற்றையும் சேர்த்துக் கழித்துவிடச் சொன்னேன். உருகும் நேரத்தில் ஈரம் பாலிமர்ச் சங்கிலியை அறுத்துவிடும். பார்வைக்கு நன்றாக இருப்பது திருகு முடுக்கும்போது விரிசல் விடும். எங்கள் கணக்கர் அந்த இரவை இன்றும் சொல்லிக்காட்டுவார்.

அடுத்த தலைவலி நிதானமாக வந்தது. மூன்று ஆண்டுகள் எரிந்த விளக்கு ஒன்றைக் கழற்றினேன். லென்ஸின் உட்புறத்தில், எல்இடி சில்லுக்கு நேர் மேலே, மிளகளவுக்குத் தேநீர்க் கறை போன்ற பழுப்பு. மற்ற இடமெல்லாம் பளிங்கு. அதே வகை லென்ஸை 120 டிகிரி அடுப்பில் ஆயிரம் மணி நேரம் வைத்தபோது இப்படிப் பழுக்கவில்லை. சூட்டோடு நீல ஒளியும் சேர்ந்தால்தான் இந்தக் கறை. அடுப்புச் சோதனையை மட்டும் காட்டி விற்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை போனது அன்றுதான்.

பாலிகார்பனேட்டை விறைப்பாக நிறுத்துபவை அதன் சங்கிலியில் இருக்கும் பென்சீன் வளையங்கள். ஒளியை இரண்டாகப் பிரித்துத் தொல்லை தருபவையும் அவையே. கணினித் திரையை வெள்ளையாக ஒளிரவிட்டு, முன்னால் லென்ஸைப் பிடித்து, அதன் முன் ஒரு போலரைசர் தாளை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) திருப்புங்கள். திரை இருளும் கோணத்தில் அக்ரிலிக் லென்ஸும் ஏறக்குறைய இருண்டே இருக்கும். பாலிகார்பனேட்டில் 'கேட்'டைச் சுற்றி மயில்கழுத்து நிறங்கள். தெருவிளக்குக்கு இதனால் நட்டமில்லை. ஒரு லேசர் அளவுமானிக்கு வார்த்த லென்ஸ்களை இதற்காகவே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வேலை கடைசியில் சைக்ளோ ஓலிஃபின் பாலிமர் என்ற பிளாஸ்டிக்கில் தேறியது. நார்போர்னீன் வகை வேதிப்பொருளிலிருந்து வரும் இதிலும் வளையம் உண்டு, ஆனால் பென்சீன் அல்ல. அதனால் விறைப்பு கிடைக்கிறது, நிறக்கோலம் அடங்குகிறது. 0.01 சதவீதம்கூட நீர் குடிக்காது என்பதால் மழைக்காலத்திலும் குவியம் நகர்வதில்லை. எண்ணெய் மட்டும் ஆகவே ஆகாது. வார்த்த லென்ஸை அச்சிலிருந்து தள்ளும் எஜெக்டர் பின்னில் மிஞ்சிய கிரீஸ் பட்ட இடத்தில் மறுநாள் மயிரிழை விரிசல் கண்டேன். வெறுங்கையால் அந்த லென்ஸைத் தொட இப்போது யாருக்கும் அனுமதி இல்லை, எனக்கும்தான்.

சூடு தாங்குவதில் இதற்கும் மேலே உள்ளவற்றையும் தொட்டுப் பார்த்தோம். வழக்கமான மூலப்பொருளான பிஸ்பினாலோடு, பருத்த வளையம் தாங்கிய வேறொரு பிஸ்பினாலையும் சேர்த்துக் கோத்த பாலிகார்பனேட் 180 டிகிரி வரைக்கும் போகும். அச்சை 100 டிகிரிக்கு மேல் வைத்திருக்க எண்ணெய் ஹீட்டர் வாங்க வேண்டியிருந்தது. பாலிஈதர்இமைடு என்ற பிளாஸ்டிக்கின் இளகுநிலை 217 டிகிரி, நிறம் தேன். அகச்சிவப்பில் ஓடும் ஃபைபர் இணைப்புகளுக்கு அந்த நிறம் தடையில்லை. வெள்ளை விளக்குக்கு உதவாது. சிலிக்கோனுக்கு இயந்திரமே வேறு, அந்தப் பக்கம் நான் போகவில்லை.

அந்த வார்ப்பட ஆலைக்குப் போன ஆண்டுதான் தெர்மோகப்பிள் என்ற வெப்பம் அளக்கும் கம்பியோடு நேரில் சென்றேன். லென்ஸின் அடியில் ஒட்டிப் பார்த்தால் 98 டிகிரி. விளக்கின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் துடுப்புகளுக்கு நடுவே விரல் கனத்துக்கு மணல்தூசி அடைத்திருந்தது. ஊதித் தள்ளிவிட்டு இரண்டு மணி நேரம் எரியவிட்டோம், 76க்கு இறங்கியது. இப்போது அங்கே அக்ரிலிக் லென்ஸ்தான் போகிறது. மாதம் ஒருமுறை ஏணி போட்டுத் தூசி ஊத ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள்.