பச்சை டிக் ரிப்போர்ட்டும் ஒரு வெள்ளி கிளினிக்கும்

இந்த முறை பினாங்கில் ஃபெரி, நாசி கண்டார், தண்ணீர்மலை எல்லாம் நல்லபடியாகவே போயின. மனதை இன்னும் அரித்துக்கொண்டிருப்பது அக்கா மகனின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்தான்.

பையனுக்கு 13 வயது, நல்ல பருமன். பின்கழுத்தில் வெல்வெட் மாதிரி தடித்த கறுப்பு. "அழுக்கு, தேய்ச்சுக் குளின்னா கேட்கிறானா?" என்றாள் அக்கா. தேய்த்தால் போகிற கறுப்பா அது? உடம்பு இன்சுலினுக்குச் சரியாக அடங்காமல், கணையம் மேலும் மேலும் சுரக்கும்போது தோலில் இப்படித் தெரியும். மெல்பர்னில் எங்கள் குடும்ப டாக்டராக இருந்தால் முதலில் கழுத்தைத்தான் பார்த்திருப்பார்.

டவுனில் ஒரு தனியார் லேப்பில் பேக்கேஜ் எடுத்தோம். அன்றைக்கே ரிசல்ட், மெல்பர்னில் இந்த வேகம் கிடையாது. ஆனால் ரிப்போர்ட் முழுக்கப் பச்சை டிக். அங்கிருந்த டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "சர்க்கரை 5.2, நார்மல். வளர்ற பையன், உயரமானா சரியாயிடும்" என்றார். கழுத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மலாக இருப்பதில் என்ன நிம்மதி? கணையம் ஈடுகொடுக்கிறவரை அது நார்மலாகத்தான் இருக்கும். ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 1.6 (மில்லிமோல் கணக்கில்) என்று இருந்தது, அதற்கும் டிக். 1.7 பெரியவர்களுக்கான எல்லை. 10 வயதிலிருந்து 19 வரை 1.5 தொட்டாலே அதிகம். கல்லீரல் என்சைம் ஏ.எல்.டி 38, அதற்கும் டிக். பையன்களுக்கு 26-ஐத் தாண்டினாலே கல்லீரலில் கொழுப்பு சேர்கிறதா என்று யோசிக்க வேண்டும். வயது 13 என்று மேலேயே அச்சடித்திருக்கிறார்கள், ஆனால் கீழே இருக்கிற எல்லைகள் எல்லாம் பெரியவர்களுடையவை! கவுண்டரில் கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான்கா போடும்" என்று பதில். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

இன்சுலின் டெஸ்ட்டை நான் கேட்கவில்லை. பருவ வயதில் இன்சுலின் எதிர்ப்பு இயல்பாகவே கொஞ்சம் ஏறும், அந்த ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. கழுத்து, இடுப்பு, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதிலும் நம் பிள்ளைகளுக்கு! 2023 தேசிய ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது அதிகம் என்பது பல வருடக் கதை.

அப்புறம் அக்காவை இழுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். அதே நம்பர் சீட்டு, அதே நாற்காலி, காலை முழுக்கக் காத்திருப்பு. இதில் மட்டும் ஊர் மாறவே இல்லை. ஆனால் உள்ளே இருந்த மிஸ்ஸி (நர்ஸ்), ரிப்போர்ட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே பையனின் காலரை விலக்கிப் பார்த்தார். "அப்பாவுக்கு இனிப்பு நீர் இருக்காம்மா?" என்றார். இருக்கிறது. டேப் எடுத்து இடுப்பை அளந்தார். உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. ரத்த அழுத்தமும் பார்த்தார். டாக்டர், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்ட் எழுதி, ஏ.எல்.டியை மறுபடி பார்க்கத் தேதியும் கொடுத்து, குழந்தை மருத்துவருக்குக் கடிதம் தந்தார். பதிவுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்.

அந்த மிஸ்ஸியின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். "எத்தனை பிள்ளைங்க கழுத்தைப் பார்க்கிறோம் தெரியுமாக்கா" என்றபடி அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.